கம்பளியின் சிவப்புக் கோடு

பதினேழு வயதில் எழுதிய ஒரு வகுப்புச் சோதனையில் “மின்னெதிர்த்தன்மை மிகக் கூடிய மூலகம் எது?” என்று கேட்டிருந்தார்கள். நான் எழுதிய விடை: இறப்பர்.

சிரிக்கலாம், பரவாயில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு அதில் ஒரு நியாயம் இருந்தது. மின், எதிர், தன்மை. மின்சாரத்தை எதிர்த்து நிற்கிற தன்மை. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குக் கரண்ட் கொடுக்க வந்தவர் இறப்பர் கையுறை மாட்டிக்கொண்டு கம்பத்தில் ஏறியதைப் பிள்ளைகள் எல்லாரும் வரிசையாக நின்று பார்த்திருக்கிறோம். மின்சாரத்தை எதிர்க்க இறப்பரை விட்டால் வேறு என்ன இருக்கிறது? இறப்பர் ஒரு மூலகமே இல்லை என்பது அந்த அவசரத்தில் உறைக்கவில்லை. திருத்திய சேர் பிழை என்று கோடுகூடப் போடவில்லை. ஓரத்தில் ஒரு பெரிய கேள்விக்குறி மட்டும்.

அப்போது எங்கள் பாடசாலையில் இரசாயனவியலுக்கு ஆசிரியர் இருந்த மாதங்களைவிட இல்லாத மாதங்கள்தான் அதிகம். ஒருவர் வருவார், பெயர்கள் பழகுவதற்குள் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். மலையகத்தில் உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்த பலருக்கும் இந்தக் கதை புதிதாக இருக்காது. அதனால் சனி ஞாயிறுகளில் நோர்வூட்டில் பஸ் ஏறி, டிக்கோயா தாண்டி, ஹட்டனில் டியூசன். அந்தக் காசுக்காக அம்மா தன் தோட்டை அடகு வைத்தார். கடைசியில் வட்டி கட்ட முடியாமல் அது மூழ்கியும் போனது.

டியூசனில் மின்னெதிர்த்தன்மை ஒரு வாய்ப்பாடாக வந்தது. புளோரீன் நாலு, ஒட்சிசன் மூன்றரை, நைதரசன் மூன்று, காபன் இரண்டரை, போரன் இரண்டு, பெரிலியம் ஒன்றரை, இலிதியம் ஒன்று. அரை அரையாக இறங்கிக்கொண்டே போகும், அழகான வரிசை. நூறு பேர் சேர்ந்து சத்தமாகச் சொன்னால் தகரக் கூரை அதிரும். சோதனையில் புள்ளியும் கிடைத்தது. ஆனால் அந்த நாலும் மூன்றரையும் எதை அளந்து வந்த எண்கள் என்று கேட்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. கிலோவா, மீற்றரா, பாகையா? ஒன்றுமில்லை. வெறும் நாலு.

இப்போது நானே இரசாயனவியல் கற்பிக்கிறேன், நுவரெலியாப் பக்கம். போன விடுமுறைக்கு அக்கா மகள் வந்து தங்கினாள். உயர்தரம் முதலாம் வருடம். வந்த இரண்டாம் நாளே அட்டவணையைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு வந்துவிட்டாள்.

“சித்தி, இதெல்லாம் பாடமாக்கணுமா?”

“வேணாம்.”

“டியூசன்ல பாடமாக்கச் சொல்றாங்க.”

“அப்ப ஆக்கு. ஆனா இது என்னான்னு தெரிஞ்சுக்கிட்டு ஆக்கு.”

முதலில் அந்தச் சொல்லையே பிரித்துச் சொன்னேன், என் இறப்பர் கதையையும் சேர்த்து. சொல்லின் மேல் தவறு இல்லை. அது மிகப் பழைய சொல், அவ்வளவுதான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடன்காரரான பெர்சிலியஸ் மூலகங்களை ஒரு வரிசையில் நிறுத்தினார். ஒரு கரைசலுக்குள் மின்னைச் செலுத்தினால் சில பொருட்கள் நேர் முனைக்குப் போகும், சில எதிர் முனைக்குப் போகும். நேர் முனையை நாடிப் போகிறவை எதிர்த்தன்மை கொண்டவை என்று அவர் கணக்கு வைத்தார். அந்த வரிசையின் ஒரு தலையில் ஒட்சிசன், மறு தலையில் பொட்டாசியம். இலத்திரன் என்ற ஒன்று இருப்பதே 1897இல்தான் தெரியவந்தது. அதாவது, இலத்திரனை யார் எவ்வளவு இழுக்கிறார் என்று இன்று நாம் சொல்லும் விசயத்துக்குப் பெயர் வைத்தவருக்கு இலத்திரனே தெரியாது. நாம் இலங்கையில் அந்தப் பழைய பெயரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கி வைத்திருக்கிறோம். தமிழ்நாட்டுப் பாடநூலில் இதை எலக்ட்ரான் கவர்தன்மை என்கிறார்கள். எனக்கு இலத்திரன் என்ற சொல்தான் பிடிக்கும், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் கவர்தன்மை நம் எதிர்த்தன்மையைவிட நல்ல சொல் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தச் சொல்லைப் படித்திருந்தால் இறப்பர் என்று எழுதியிருக்க மாட்டேன்.

சரி, யார் யாரைக் கவர்கிறார்?

பாடநூல்களில் இதற்குக் கயிறிழுத்தல் படம் போடுவார்கள். இரண்டு அணு, நடுவில் கயிறு. எனக்கு அந்தப் படம் பிடிக்காது. கயிறிழுத்தலில் கடைசியில் ஒரு பக்கம் விழுந்து எழும்பி மண்ணைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும், ஆட்டம் முடிந்துவிடும். பிணைப்பு அப்படி முடிகிற விசயமா?

நானும் அக்காவும் சிறு வயதில் ஒரே கம்பளிக்குள் படுப்போம். சாம்பல் நிறக் கம்பளி, நடுவில் நீளவாக்கில் ஒரு சிவப்புக் கோடு. லயத்து அறையில் மார்கழி, தை இரவு எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். சிமெந்துத் தரையிலிருந்து குளிர் பாயைத் துளைத்துக்கொண்டு ஏறும். படுக்கும்போது சிவப்புக் கோடு சரியாக எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கும். அம்மா அப்படித்தான் போர்த்திவிடுவார். விடியும்போது கோடு அக்காவின் மார்புக்கு மேல் இருக்கும், என் முதுகு வெளியே இருக்கும். அக்கா வேண்டுமென்று இழுத்ததில்லை. தூக்கத்தில் அவளுக்கு இழுப்பு கொஞ்சம் கூட, எனக்குக் கொஞ்சம் குறைவு. ஆனாலும் கம்பளியின் ஒரு ஓரம் கடைசிவரை என் மேல்தான் இருக்கும். முழுதும் அவளிடம் போகவில்லை, நடுவிலும் இல்லை.

இரண்டு அணுக்கள் சேர்ந்து ஒரு சோடி இலத்திரனைப் பங்கிட்டுக்கொள்வது இப்படித்தான். இரண்டும் ஐதரசன் என்றால் கோடு நடுவில். ஒரு பக்கம் ஐதரசன், மறு பக்கம் குளோரீன் என்றால் கோடு குளோரீன் பக்கம் நகர்ந்திருக்கும். அந்தப் பக்கம் கொஞ்சம் மறையேற்றம், இந்தப் பக்கம் கொஞ்சம் நேரேற்றம். இழுப்பு எங்கிருந்து வருகிறது என்றால் கருவிலிருந்து. ஆவர்த்தன அட்டவணையில் இடமிருந்து வலம் போகப் போகக் கருவின் ஏற்றம் கூடும், அணுவும் சுருங்கும், வெளி இலத்திரன்களுக்கும் கருவுக்கும் இடைவெளி குறையும், இழுப்பு கூடும். மேலிருந்து கீழே போனால் இலத்திரன்கள் சுற்றும் ஓடுகள் கூடி அணு பெருத்துவிடும், இழுப்பு தளரும். வலது மேல் மூலையில் புளோரீனும் இடது கீழ் மூலையில் சீசியமும் இருப்பது இதனால்தான். அங்கே 3.98, இங்கே 0.79.

இதில் நான் பதினேழு வயதில் புரிந்துகொள்ளாததும், கற்பிக்கத் தொடங்கிய பிறகும் சில வருடங்கள் புரிந்துகொள்ளாததும் ஒன்று உண்டு. தனியே படுத்திருக்கும் அக்காவுக்கு இழுப்பு எவ்வளவு என்று கேட்டால் பதில் கிடையாது. அவள் தனியே படுத்தால் கம்பளி முழுதும் அவளுடையது, கோடு எங்கே இருந்தால் என்ன? இழுப்பு தெரிவது இன்னொருவர் பக்கத்தில் படுக்கும்போது மட்டும்தான். மின்னெதிர்த்தன்மையும் அப்படி. தங்கத்தின் அடர்த்தி போலவோ இரும்பின் உருகுநிலை போலவோ ஓர் அணுவைத் தனியே பிடித்து அளக்கிற கணியம் அல்ல அது. பிணைப்புக்குள் இருக்கும் அணுவைப் பற்றிய பேச்சு.

அப்படியானால் அளப்பது எப்படி? கோட்டைக் கண்ணால் பார்க்க முடியாதே.

இந்த இடத்தில்தான் லைனஸ் பௌலிங் வருகிறார், 1932இல். அமெரிக்கர். பின்னாளில் 1954இல் இரசாயனவியலுக்கும், 1962ஆம் ஆண்டின் சமாதானத்துக்கும் நோபல் பரிசு பெற்றவர். அவர் கோட்டைத் தேடவில்லை. பிணைப்பை உடைக்க எவ்வளவு சக்தி வேண்டும் என்ற எண்களை எடுத்து வைத்துக்கொண்டார். அக்கா மகளிடம் பழைய கலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துத் தரச் சொல்லி, பின்பக்கத்தில் இருவரும் அதே கணக்கைப் போட்டோம்.

ஐதரசனோடு ஐதரசன் சேர்ந்த பிணைப்பை உடைக்க ஒரு மூலுக்கு 436 கிலோயூல் வேண்டும். குளோரீனோடு குளோரீன் என்றால் 243. அப்படியானால் ஐதரசனும் குளோரீனும் சேர்ந்த பிணைப்புக்கு எவ்வளவு எதிர்பார்க்கலாம்? இருவரும் சமமாகப் பங்கிட்டால் இரண்டுக்கும் நடுவில், 340 அளவில் இருக்க வேண்டும். அளந்து பார்த்தால் 432.

“கிட்டத்தட்ட 92 கூட இருக்கு சித்தி.”

“அந்த 92 எங்கிருந்து வந்துச்சு?”

கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்தாள். என் கம்பளி இந்த இடத்தில் கிழிந்துவிடும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். சமமில்லாமல் இழுத்தால் அக்கா தங்கைக்குள் சண்டை வரும், பிணைப்பு தளரும் என்றுதான் நமக்குத் தோன்றும். அணுக்களில் தலைகீழ். கோடு ஒரு பக்கம் நகர்ந்ததால் அந்தப் பக்கம் மறை, இந்தப் பக்கம் நேர் என்று ஆகிவிட்டது இல்லையா? மறையும் நேரும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடிதான் மேலதிகமான 92. இழுப்பில் வித்தியாசம் கூடக் கூட இந்த மேலதிகமும் கூடும். பௌலிங் இதைத் திருப்பிப் போட்டார். மேலதிகத்தை அளந்து, அதிலிருந்து இழுப்பின் வித்தியாசத்தைக் கண்டுபிடித்தார். 92ஐ 96.5ஆல் வகுத்து (கிலோயூலை, பௌலிங் பயன்படுத்திய இலத்திரன்வோல்ற்று என்ற அலகுக்கு மாற்றும் எண் அது) வர்க்கமூலம் எடுத்தால் 0.98 வருகிறது. அட்டவணையில் குளோரீன் 3.16, ஐதரசன் 2.20, வித்தியாசம் 0.96.

கலண்டர் தாளில் 0.98 வந்ததைப் பார்த்து அவள் கண் விரிந்ததே, அதற்காகத்தான் நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன். புளோரீனுக்கும் போட்டாள். 436உம் 158உம் சேர்த்துப் பாதி 297. ஐதரசன் புளோரைட்டு 567. மேலதிகம் 270, அதே மாதிரி வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.67. அட்டவணைப்படி 1.78. பரவாயில்லை. பிறகு என்னைக் கேட்காமலே அயடீனுக்குப் போட்டுப் பார்த்தாள். 0.22 வந்தது. அட்டவணையில் 0.46. முகம் சுருங்கிவிட்டது.

“எங்க பிழைச்சேன்?”

எங்கேயும் பிழைக்கவில்லை. மேலதிகம் இவ்வளவு சிறியதாக இருக்கும்போது, சமமாகப் பங்கிட்டால் நடுவில் இருக்கும் என்று நாம் வைத்த ஊகமே தள்ளாடும். பௌலிங்குக்கும் அது தெரியும், பின்னாளில் கூட்டிப் பாதியாக்குவதற்குப் பதிலாகப் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கும் வழியையும் அவர் பயன்படுத்தினார். அட்டவணையில் அச்சாகியிருப்பது ஒரு பிணைப்பில் கிடைத்த எண் அல்ல, பல பிணைப்புகளை வைத்துப் பொருத்தி எடுத்தது. இரண்டு தசமதானத்துக்கு அச்சடித்துவிட்டால் வேதவாக்கு என்று நினைத்துவிடுகிறோம். அவள் டியூசன் கொப்பியில் “வித்தியாசம் 1.7க்கு மேல் என்றால் அயன் பிணைப்பு” என்று பெட்டி போட்டு எழுதியிருந்தாள். அயன் பிணைப்பு என்றால் கம்பளி ஒரு பக்கமே போய்விட்டது என்று அர்த்தம். அந்த விதியைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். ஐதரசன் புளோரைட்டில் வித்தியாசம் 1.78. அது அயன் பளிங்கா? அறை வெப்பத்தில் கிட்டத்தட்ட ஆவியாகப் போய்விடுகிற மூலக்கூறு. எல்லைக் கோடு என்று ஒன்று இல்லை, சரிவுதான் உண்டு. நம் மலையைப் போல.

சரி, கணக்கிலிருந்து வித்தியாசங்கள் கிடைத்துவிட்டன. ஆனால் வித்தியாசம் மட்டும்தானே கிடைக்கிறது? நாலு, மூன்றரை என்ற தனி எண் எப்படி வந்தது?

இதை அம்மாவை வைத்து விளக்கினேன். அம்மாவின் அடையாள அட்டையில் பிறந்த திகதி ஜனவரி 1. உண்மையில் எந்த நாள் என்று யாருக்கும் தெரியாது. பிறப்புப் பதிவு இல்லை, யாரோ ஒரு கிளாக்கர் எழுதியது. ஆனால் அம்மாவைக் கேட்டால், பெரிய மாமாவைவிடத் தான் மூன்று வயது இளமை, சின்ன மாமா தன்னைவிட இரண்டு வயது இளமை, பக்கத்துக் காம்பரா ஆயாவின் மூத்த மகனும் தானும் ஒரே வருடம் என்று லயம் முழுதுக்கும் வித்தியாசம் சொல்வார். வருடம் மட்டும் வராது. யாராவது ஒருவருக்கு ஒரு வருடத்தைப் போட்டுவிட்டால் மற்ற எல்லாருக்கும் தானாக வருடம் வந்துவிடும். பௌலிங் செய்ததும் அதுதான். ஐதரசனுக்கு 2.1 என்று ஓர் எண்ணைப் போட்டுவிட்டார். (இன்றைய அட்டவணைகளில் 2.20.) அதிலிருந்து மற்றவர்களுக்கெல்லாம் வயது வந்தது. ஆக, புளோரீனின் நாலு என்பது அம்மாவின் ஜனவரி 1 போலத்தான். ஆனால் புளோரீனுக்கும் ஒட்சிசனுக்கும் உள்ள வித்தியாசம் அப்படியில்லை, அது மெய்.

அம்மா அப்போது குசினித் திண்ணையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். “என் வயசை எதுக்குடி இழுக்கிறீங்க” என்று ஒரு பார்வை.

மறுநாள் அவள் ஒரு வில்லங்கமான கேள்வியோடு எழும்பினாள். இரவெல்லாம் யோசித்திருப்பாள் போல.

“சித்தி, இலத்திரன் நாட்டம் புளோரீனை விட குளோரீனுக்குத்தான் கூட. 328, 349. அப்புறம் எப்படி புளோரீன் முதலாவது?”

நல்ல கேள்வி. இரண்டையும் ஒன்று என்று நினைப்பவர்கள் பல்கலைக்கழகத்திலும் உண்டு. இலத்திரன் நாட்டம் என்பது தனியே நிற்கும் அணுவுக்கு ஓர் இலத்திரனைக் கொடுத்தால் எவ்வளவு சக்தி வெளியே வரும் என்பது. புளோரீன் மிகச் சிறிய அணு. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறையில் ஏற்கெனவே ஒன்பது பேர், பத்தாவது ஆள் வந்து கதவைத் தட்டுகிறார். உள்ளே இழுக்கத்தான் செய்வார்கள், ஆனால் நெருக்கடி. குளோரீனுக்கு இன்னும் ஒரு சுற்று இடம் இருப்பதால் வருகிறவருக்குக் கொஞ்சம் காற்று உண்டு. அதனால் அந்த 349. ஆனால் இழுப்பு என்பது வருகிறதை வாங்குவது மட்டும் இல்லையே, இருப்பதை விடாமல் பிடிப்பதும் சேர்த்திதான். 1934இல் இன்னொரு அமெரிக்க விஞ்ஞானியான முல்லிக்கன் இப்படித்தான் யோசித்தார்: வாங்கும் ஆசை ஒரு பக்கம், விட்டுக்கொடுக்காத பிடிவாதம் மறு பக்கம், இரண்டையும் கூட்டிப் பாதியாக்கு. பிடிவாதம் என்பது அயனாக்கற் சக்தி, அணுவிலிருந்து ஓர் இலத்திரனைப் பிடுங்கி எடுக்கத் தேவையான சக்தி. புளோரீனுக்கு 1681, குளோரீனுக்கு 1251. கூட்டிப் பாதியாக்கினால் புளோரீன் ஆயிரத்துச் சொச்சம், குளோரீன் எண்ணூறு. பக்கத்திலேயே வர முடியாது.

இதைச் சொல்லி முடித்தபோது கேத்தல் கொதித்துவிட்டது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், இங்கே தண்ணீர் 94 பாகையைத் தொடும் முன்னமோ பின்னமோ கொதித்துவிடும். பருப்பு வேகுவதற்குள் பசி போய்விடும். ஆனால் அந்த 94ஐக் குறை சொல்லக் கூடாது. அட்டவணையில் ஒட்சிசனின் கூட்டத்தில், அதாவது அதே நிரலில், இருப்பவை ஐதரசனோடு சேர்ந்தால் என்ன ஆகிறது என்று கீழிருந்து பாருங்கள். ஐதரசன் தெலூரைட்டு மைனஸ் 2 பாகையில் கொதிக்கும், செலனைட்டு மைனஸ் 41, சல்பைட்டு மைனஸ் 60. இறங்கிக்கொண்டே வருகிறது. இந்தக் கணக்கில் தண்ணீர் இன்னும் கீழே போய், நுவரெலியாக் குளிரிலும் வெறும் வாயுவாக இருந்திருக்க வேண்டும். அது கடல் மட்டத்தில் 100க்கு ஏறி நிற்கக் காரணம் ஒட்சிசனின் 3.44. பக்கத்தில் இருக்கும் இரண்டு ஐதரசனிடமிருந்தும் கம்பளியைத் தன் பக்கம் இழுத்துவிடுகிறது. முதுகு வெளியே தெரியும் ஐதரசன் என்ன செய்யும்? அடுத்த மூலக்கூறின் ஒட்சிசனோடு போய் ஒட்டிக்கொள்ளும். இதுதான் ஐதரசன் பிணைப்பு. ஜன்னலுக்கு வெளியே மலையை மூடிக்கொண்டு நிற்கும் பனிமூட்டமும் கோப்பைக்குள் இருக்கும் தேத்தண்ணியும் இந்த ஒட்டுதலின் பிள்ளைகள்.

தேயிலைச் செடிக்குள்ளேயும் இந்தக் கதை நடக்கிறது. இது எனக்கே ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது. தேயிலைக்குப் புளித்த, அதாவது அமிலம் கூடிய, மண்தான் பிடிக்கும். மண் புளிக்கப் புளிக்க அதில் அடைபட்டிருந்த அலுமினியம் கரைந்து வெளியே வரும். மற்றச் செடிகள் பலவற்றுக்கு அது வேரைக் கருக்கும் நஞ்சு. தேயிலை அதை உறிஞ்சி எடுத்து வைத்துக்கொள்கிறது, கூடவே புளோரைட்டையும். அலுமினியம் 1.61, புளோரீன் 3.98. இவ்வளவு வித்தியாசம் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்தால் விடுமா? இரண்டும் முத்திய இலைகளில்தான் அதிகம் சேர்கின்றன, இளங்கொழுந்தில் மிகக் குறைவு. திபெத் பக்கம் முத்திய இலையை அச்சில் வார்த்துக் கட்டித் தேயிலையாகக் குடிப்பவர்களுக்குப் புளோரைட்டால் பல்லும் எலும்பும் கெடுவது நன்றாகத் தெரிந்த விசயம். அம்மா முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர். முத்திய இலை கூடையில் கிடந்தால் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நிறையைக் குறைத்துவிடுவார்கள், கங்காணியின் வாயும் சும்மா இருக்காது. அதற்குப் பின்னால் இப்படியும் ஒரு காரணம் உண்டு என்று அம்மாவிடம் சொன்னேன். “அவனுங்க அதுக்காகவா குறைச்சானுங்க?” என்றார். அதுவும் சரிதான்.

இன்னொன்று, அட்டைக்கடி. விடுமுறை முடியும் முன் ஒரு நாள் அக்கா மகளும் நானும் பழைய லயத்துப் பக்கம் போயிருந்தோம். மழை விட்டு ஒரு மணி நேரம்கூட இல்லை. அம்மா வழக்கம்போல உப்பைத் துணியில் முடிந்து கையில் கொடுத்துவிட்டார். கவ்வாத்து வெட்டின மலையைத் தாண்டும்போது அவள் கணுக்காலில் ஒன்று ஏறிவிட்டது. பேனை முனை அளவில் ஏறி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பருத்தது. முடிச்சை நனைத்து மேலே தொட்டேன். சுருண்டு, நீர் விட்டு, கீழே விழுந்தது. உப்பில் சோடியம் 0.93, குளோரீன் 3.16. கம்பளி முழுதும் ஒரு பக்கம் போய்விட்ட இடம் இது. முழு நேர், முழு மறை. தண்ணீரில் பட்டதும் தண்ணீரின் இரண்டு முனைகளும் இந்த அயன்களைப் பிரித்துச் சூழ்ந்துகொள்ளும். அட்டையின் தோலுக்கு வெளியே உப்புக் கரைசல் இவ்வளவு கடுமையானால் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே ஓடி வரும். அவ்வளவுதான் வைத்தியம். இரத்தம் மட்டும் அரை மணி நேரம் நிற்கவில்லை, அது அட்டையின் எச்சில் செய்த வேலை, உப்புக்கு அதில் பங்கில்லை.

திரும்பி வந்து, காலைக் கழுவி, அடுப்படியில் உட்கார்ந்தபோதும் அவள் அட்டவணையை விடவில்லை. விரலை வரிசை வரிசையாக ஓட்டிக்கொண்டு வந்தவள் ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

“சித்தி, இது அச்சுப் பிழையா? தங்கம் 2.54 போட்டிருக்கு. காபனே 2.55தான். வெள்ளிக்குக்கூட 1.93தான்.”

அச்சுப் பிழை இல்லை. உலோகங்களில் தங்கத்தின் இழுப்பு தனி. கருவில் 79 புரோத்தன். அவ்வளவு பெரிய ஏற்றத்துக்குக் கிட்டப் போகிற இலத்திரன்கள் ஒளியின் வேகத்தோடு ஒப்பிடக்கூடிய வேகத்தில் ஓடுகின்றன, அந்த வேகத்தில் ஐன்ஸ்டீனின் சார்புக் கொள்கையைக் கணக்கில் எடுக்காமல் முடியாது. வெளி ஓடு சுருங்கிக் கருவோடு நெருங்கிவிடுகிறது. தங்கம் மஞ்சளாக இருப்பதற்கும் இதே காரணம்தான். அட்டவணையின் மறு கோடியில் இருக்கும் சீசியத்தைப் பக்கத்தில் வைத்தால் தங்கம் அதனிடமிருந்து ஓர் இலத்திரனை வாங்கிக்கொள்ளும். குளோரீன் சோடியத்திடம் வாங்குவதுபோல. அப்போது கிடைப்பது சீசியம் ஒரைட்டு, இரண்டு உலோகம் சேர்ந்து உண்டான ஓர் உப்பு. உலோகப் பளபளப்பெல்லாம் அதில் இருக்காது.

“தங்கம் உப்பாப் போயிருமா?” அவளால் நம்ப முடியவில்லை.

வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். காது இன்னும் மூளிதான். அந்தத் துளையில் ஒரு ஈர்க்குத் துண்டு மட்டும். தோடு வாங்கித் தருகிறேன் என்று நான் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், இப்போது எதுக்கு என்பார்.

“உப்பாப் போனது திரும்பத் தங்கமா வராதா?”

“வரும்மா. தண்ணி பட்டாப் போதும். பொங்கி, தங்கம் தனியா வந்துரும்.”

“அப்ப அது நல்ல கடைதான்” என்றார் அம்மா. “நம்மது மூழ்கினது மூழ்கினதுதான், இது மூழ்கினா மீண்டு வருது.”